ரேகா கும்பிட்ட கடல்

அமாவாசை வந்துவிட்டால் நூம்பல் ரேகாவைக் கையில் பிடிக்க முடியாது. காலை ஆறு மணிக்கெல்லாம் குளித்து முடித்து, வெற்றிலை, சூடம், ஒரு பொட்டலம் மஞ்சள், மூன்று முழம் சாமந்தி எல்லாவற்றையும் ஒரு துணிக்கடைப் பையில் திணித்துக்கொண்டு வேலப்பன்சாவடி பஸ் ஸ்டாப்பில் போய் நின்றுவிடுவாள். முகத்தில் பிங்க் பெயின்ட் அடித்த பஸ்தான் அவளுக்கு வேண்டும். வேறு பஸ் காலியாக வந்து நின்று கூப்பிட்டாலும் ஏற மாட்டாள். பொம்பளைகளுக்குச் சும்மா ஒரு பஸ் ஓடும்போது டிக்கெட் எடுத்துப் போய்ச் சாமி கும்பிட்டால் சாமியே சிரிக்கும் என்பது அவள் கட்சி.

மெரினாவில் இறங்கி மணலில் விறுவிறுவென்று நடப்பாள். ஆனால் ஈர மணலுக்கு இருபது அடி இருக்கும்போதே கால் நின்றுவிடும். அதற்கு மேல் ஓர் அடி வைக்க மாட்டாள். அங்கேயே உட்கார்ந்து, பையால் காற்றை மறைத்துச் சூடம் ஏற்றி, பூவைக் கடலை நோக்கி வீசுவாள். இருபது அடி தூரத்திலிருந்து வீசினால் பூ கடலுக்கா போகும்? காற்று பாதியைத் திருப்பிக் கொண்டுவந்து அவள் தலையிலேயே போடும். ஒருமுறை அந்தப் பக்கமாக வந்த குதிரைக்காரர், "இன்னாக்கா, பூவு கடலுக்கா, என் குதிரைக்கா?" என்று கேட்டுவிட்டுப் போனார். ரேகா அதையெல்லாம் காதில் வாங்கவில்லை. கண்ணை மூடிக்கொண்டு, ஒரு மேஸ்திரியிடம் பேசுவதுபோலக் கடலிடம் கறாராகப் பேசினாள்.

"இந்தக் கரையில நான் கீறேன். அந்தக் கரையில என் ஊட்டுக்காரரு கீறாரு. நடுவுல நீதான் கீறே. பாத்துக்கோ."

இப்படிப் பதினாலு அமாவாசை. கணவர் வரதன் வெளிநாட்டில் கடல்மேல் வெல்டிங் வேலைக்குப் போன மாதத்திலிருந்து ஒன்றுகூடத் தவறவில்லை. கடல் என்பது எங்கே பார்த்தாலும் ஒன்றுதானே, இங்கே தொட்டால் சேதி அங்கே போய்விடாதா என்று அவள் நினைத்தாள். அந்த நினைப்பில் தப்பும் இல்லை. உலகத்தில் பெரும்பாலான கடல்களுக்கு அது சரியாகவே பொருந்தும். வரதன் போய்ச் சேர்ந்த கடல் மட்டும் அந்தக் கணக்கில் சேராது என்பதுதான் அவளுக்குத் தெரியாமல் போனது.

கடலிடம் இத்தனை பயம் இருக்கிறவள் அதையே போய்க் கும்பிடுவானேன் என்று கேட்டால், பயம் இருப்பதால்தான். ரேகா அயனம்பாக்கத்துப் பெண். அப்பாவுக்கு அந்த ஊர் ஏரிப் பாசனத்தில் நிலம் இருந்தது. பத்தொன்பது வயதில் நூம்பல் வரதனுக்குக் கட்டிக்கொடுத்தார்கள். கல்யாணமாகி ஒரு மாதத்தில் வந்த ஞாயிற்றுக்கிழமை, புதுப் பெண்ணுக்குக் கடலைக் காட்டுகிறேன் பேர்வழி என்று வரதன் தன் அண்ணனின் வண்டியை இரவல் வாங்கிக்கொண்டு காலையிலேயே கிளம்பினார். மதுரவாயல் தாண்டுவதற்குள் பின்சக்கரத்தில் ஆணி ஏறிவிட்டது. பஞ்சர் கடைக்காரர் கடையைத் திறந்து, பல் விளக்கி, டீ குடித்து, ட்யூபைக் கழற்றி ஒட்டி முடிக்க ஒரு மணி நேரத்துக்குமேல் ஆயிற்று. ரேகாவுக்கு அப்படி ஒரு ஆத்திரம். முதல் முதலாகப் புருஷனிடம் முகத்தைத் திருப்பிக்கொண்டு உட்கார்ந்தது அந்தப் பஞ்சர் கடை ஸ்டூலில்தான்.

அவர்கள் சேப்பாக்கம் போய்ச் சேர்ந்தபோது எதிரே ஜனங்கள் ஓடி வந்துகொண்டிருந்தார்கள். புடவை முழுக்கச் சேறாக ஒரு அம்மா, செருப்பில்லாமல், யாரையோ பெயர் சொல்லிக் கூப்பிட்டபடி ஓடினாள். சுனாமி என்கிற சொல்லையே அதற்கப்புறம்தான் கேள்விப்பட்டார்கள். வரதன் வண்டியைத் திருப்பி நேராக அயனம்பாக்கத்துக்கு, மாமியார் வீட்டுக்கு விட்டார். கரையோரமாக வரும்போது ஏரி சலனமே இல்லாமல் கிடந்தது. நாலைந்து கொக்கு நின்றுகொண்டிருந்தது. ஊரே அல்லோலகல்லோலப்படும்போது இது மட்டும் எப்படி இப்படிக் கிடக்கிறது என்று அவளுக்கு அன்றைக்குக் கோபம்கூட வந்தது. அந்த ஆணி இன்றைக்கும் அவர்கள் வீட்டுச் சாமி மாடத்தில், குங்குமச் சிமிழுக்குப் பக்கத்தில் இருக்கிறது.

ரேகாவுக்கு இப்போது நாற்பது வயது. மகள் காவ்யா ஒன்பதாவது படிக்கிறாள். மண்ணூர்பேட்டையில் லாரிக்கு ஏர் டேங்க் செய்கிற ஒரு கம்பெனியில் பதிமூன்று வருஷமாக ரேகாவுக்கு லீக் டெஸ்ட் வேலை. வெல்டிங் முடிந்து வருகிற டேங்கின் வாயை அடைத்து, உள்ளே காற்று ஏற்றி, தண்ணீர்த் தொட்டியில் முக்க வேண்டும். ஒட்டின இடத்தில் ஊசிமுனை ஓட்டை இருந்தாலும் அங்கிருந்து குமிழ் கிளம்பும். ரேகா விரலை ஒட்டின் மேலேயே சுற்றிலும் ஓட்டிக்கொண்டு முப்பது எண்ணுவாள். முப்பதுக்குள் குமிழ் வராவிட்டால் பச்சை சாக்பீஸ், வந்தால் சிவப்பு. யார் வந்து "நல்லா ஒட்டினதும்மா, வுடு" என்று சொன்னாலும் நடக்காது. முக்கிப் பார்க்காமல் அவள் எதையும் நம்பினதில்லை.

வரதனும் அதே கம்பெனியில்தான் வெல்டராக இருந்தார். கட்டின புருஷன் ஒட்டின டேங்கில் சிவப்புக் கோடு போட்டுத் திருப்பி அனுப்பிய பெண் அம்பத்தூர் எஸ்டேட்டிலேயே இவள் ஒருத்தியாகத்தான் இருப்பாள். அன்றைக்குச் சாயங்காலம் வீட்டில் அவர் சாப்பிட மாட்டேன் என்று முறுக்கிக்கொண்டார். "குமிழ் வந்துச்சி, நான் இன்னா பண்றது? சோறு துண்ணு" என்று தட்டை வைத்துவிட்டுப் போய்விட்டாள். அந்தச் சிவப்புக் கோடுகளால் ரோஷப்பட்டே வரதன் வேலையில் சுத்தமானார் என்றுகூடச் சொல்லலாம். குழாயை எந்தக் கோணத்தில் வைத்தாலும் ஒட்டிக் காட்டுகிற பரீட்சை ஒன்று இருக்கிறது. அதில் தேறி, ஏஜென்ட் மூலமாக வெளிநாட்டு வேலையும் வந்தது. எங்கே என்று ரேகா கேட்டதற்கு ஏஜென்ட், "ரஷ்யா பக்கம்மா, கடல் மேல வேலை" என்றார். அன்றிலிருந்து தெருவில் யார் கேட்டாலும் அவள் சொல்வது "ரஷ்யாவுல, கடல்ல."

வரதன் தினமும் சாயங்காலம் ஏழரை மணிக்குக் கூப்பிடுவார். எண்ணெய் எடுக்கிற இடம் என்பதால் வேலை நேரத்தில் போனை வாங்கிப் பெட்டியில் வைத்துவிடுவார்கள். ஷிப்ட் முடிந்து, தங்குகிற மிதவைக்கு வந்ததும்தான் கையில் கிடைக்கும். போனில் அவருக்குப் பேசக் கிடைத்த விஷயம் கடல் ஒன்றுதான். "இங்க தண்ணி வாயில பட்டா நம்ம பீச்சு மாதிரி கரிக்கலமே. மூணுல ஒரு பங்கு உப்புதானாம்" என்பார். ரேகா, "காவ்யாவுக்குக் கணக்குல மார்க் கொறஞ்சிடுச்சி" என்பாள். "காலையில எந்த மட்டத்துல கீதோ சாயந்தரமும் அதே மட்டம். ஏத்தமும் இல்ல, வத்தமும் இல்ல" என்பார். "புளி தீந்துபோச்சி, நாளைக்குப் பூந்தமல்லி போவணும்" என்பாள். ஒருநாள், "நம்ம மெரினா தண்ணி மட்டத்தவிட இது ஒம்போது மாடி பள்ளத்துல கீதாம், தெரியுமா?" என்று ஆச்சரியப்பட்டார். "பள்ளத்துல பாத்து எறங்கு" என்று சொல்லி வைத்துவிட்டாள். ஒரு காதில் வாங்கி இன்னொரு காதில் விட்டதாகவே அவளும் நினைத்திருந்தாள்.

ஆடி அமாவாசை முடிந்து ஆறாம் நாள், ஒரு புதன்கிழமை. காவ்யா ஸ்கூல் வேனில் ஏறிப் போய்விட்டாள். ரேகா தன் டிபன் பாக்ஸை மூடிக்கொண்டே டிவியைப் பார்த்தாள். சிவப்புப் பட்டையில் பெரிய எழுத்து: ரஷ்யாவில் சுனாமி.

டப்பா மூடி கையில் நின்றுவிட்டது. கடலுக்குள் பயங்கர நிலநடுக்கம், அலை கரைக்குள் புகுந்தது, பக்கத்து நாடுகளுக்கெல்லாம் எச்சரிக்கை என்று செய்தி வாசிக்கிற பெண் மூச்சுவிடாமல் சொல்லிக்கொண்டிருந்தாள். தண்ணீருக்குள் நிற்கிற கட்டடங்களைத் திரும்பத் திரும்பக் காட்டினார்கள். ரேகா போனை எடுத்து வரதனைக் கூப்பிட்டாள். ஏதோ ஒரு பாஷையில் ஒரு பெண் குரல் ஏதோ சொல்லிவிட்டு வைத்தது. மறுபடி கூப்பிட்டாள். அதே குரல். இந்நேரம் போன் பெட்டியில் இருக்கும் என்று அவளுக்குத் தெரியும். ஆனால் முந்தின நாள் சாயங்காலமும் அவர் பேசவில்லை. காற்று அதிகம் என்றால் அங்கே நெட் போய்விடும், அது வழக்கம்தான். வழக்கம்தான் என்று சொல்லிக்கொண்டே மூன்றாம் முறையும் கூப்பிட்டாள். சாமி மாடத்திலிருந்து அந்த ஆணியை எடுத்து முந்தானையில் முடிந்துகொண்டாள். வீட்டில் தனியாக உட்கார்ந்தால் பைத்தியம் பிடித்துவிடும் என்று வேலைக்குக் கிளம்பினாள்.

ஷேர் ஆட்டோ வானகரம் அம்பத்தூர் ரோட்டில் போனது. வழியில் அயனம்பாக்கம் ஏரி வந்தது. ரேகா அந்தப் பக்கம் திரும்பவே இல்லை. அன்றைக்கு எந்தத் தண்ணீரையும் பார்க்க அவளுக்குப் பிடிக்கவில்லை.

பட்டறையில் டேங்குகளைக் கொக்கியில் மாட்டித் தொட்டியில் இறக்குவது யூசுப். அவளைவிடப் பத்து வயது பெரியவர். பதிமூன்று வருஷமாகத் தொட்டிக்கு அந்தப் பக்கம் அவர், இந்தப் பக்கம் இவள். அன்றைக்குப் பன்னிரண்டாவது டேங்கை அவர் இறக்கினார். ரேகா விரலை ஓட்டினாள், உதடு எண்ணியது, எழுந்து பச்சை சாக்பீஸை எடுத்தாள். யூசுப் டேங்கை மேலே தூக்காமல் நின்றார்.

"ரேகா, குமிழ் வருது."

அவள் பார்த்தாள். மூடி ஒட்டின இடத்திலிருந்து குமிழ் வரிசையாகக் கிளம்பிக்கொண்டிருந்தது. குருடனுக்கும் தெரிகிற மாதிரி.

"இன்னாம்மா ஆச்சி ஒனக்கு? காலையிலேர்ந்து மூஞ்சே செரியில்ல" என்றார் யூசுப். அவ்வளவுதான். ரேகா தொட்டி விளிம்பைப் பிடித்துக்கொண்டு அழுதுவிட்டாள். விஷயத்தைக் கேட்டு சூப்பர்வைசர் நாகேந்திரனும் வந்துவிட்டார். கறார் ஆசாமி. அன்றைக்கு மோட்டாரை நிறுத்தச் சொல்லிவிட்டு ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டார்.

"ரஷ்யா எவ்வளவு பெரிய நாடு தெரியுமா? அது எங்கயோ ஒரு கோடியில நடந்திருக்கு. உங்க ஊட்டுக்காரர் இன்னொரு கோடியில இருப்பார்" என்றார்.

"சுமத்ரா எங்க கீது, மெரினா எங்க கீது சார்?" என்றாள் ரேகா. "அங்க ஆடி இங்க வர்ல? நான் போய்ப் பாத்தேன் சார், என் கண்ணால பாத்தேன்."

நாகேந்திரனுக்குப் புரிந்துவிட்டது. தூரத்தைச் சொல்லி இவளுக்கு ஆறுதல் தர முடியாது.

யூசுப் கேட்டார்: "வரதன் எந்தக் கடல்ல கீறாரு? பேரு இன்னா?"

ரேகா போனை எடுத்தாள். ரஷ்யாக் கடல் என்றுதான் அவளுக்குத் தெரியும். பதினாலு மாதமாக அந்தக் கடலுக்குச் சூடம் ஏற்றுகிறாள், பெயர் தெரியாது. புருஷன் ஒருநாளாவது சொல்லியிருப்பார். அன்றைக்குப் புளி தீர்ந்திருக்கும். அந்த நிமிஷத்தில் பயத்தைவிட அவமானம்தான் அவளை அதிகம் சுட்டது.

சித்திரையில் ஒருமுறை கரைக்கு வந்தபோது வரதன் தான் இருக்கிற இடத்தை மேப்பில் குறித்து அனுப்பியிருந்தார். அவள் அதைத் திறந்ததே இல்லை. இப்போது திறந்தாள். நீலத்தின் ஓரமாக ஒரு சிவப்புப் புள்ளி. கஜகஸ்தான் என்று போட்டிருந்தது. "ரஷ்யாவே இல்லம்மா இது, பக்கத்து நாடு" என்றார் நாகேந்திரன். அந்தத் திருட்டு ஏஜென்ட்டை ரேகா மனதுக்குள் ஒரு பாட்டம் திட்டினாள். ஆனாலும் நீலம் நீலம்தானே. யூசுப் இரண்டு விரலால் மேப்பைச் சுருக்கினார். நீலம் சின்னதானது. இன்னும் சுருக்கினார். நீலத்தைச் சுற்றி நான்கு பக்கமும் தரை வந்தது. நடுவில் எழுதியிருந்தது: காஸ்பியன் கடல்.

"இன்னாது இது, ஏரி மாதிரி கீது?" என்றார் யூசுப்.

ரேகா போனை அவர் கையிலிருந்து வாங்கினாள். முந்தானையில் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். பிறகு, பதிமூன்று வருஷமாகத் தண்ணீருக்குள் செய்த வேலையைப் போன்மேல் செய்யத் தொடங்கினாள். சிவப்புப் புள்ளியில் விரலை வைத்து, நீலமும் தரையும் சேருகிற விளிம்பின் மேலேயே மெதுவாக ஓட்டினாள். மேலே, இடது பக்கம், கீழே, வலது பக்கம். எங்கேயாவது ஓட்டை இருக்கிறதா, எங்கேயாவது இது வெளிக்கடலோடு சேருகிறதா என்று பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தாள். மெரினா கடலில் இப்படி விரல் ஓட்ட முடியாது. வைத்த விரல் உலகத்தையே சுற்றிவிட்டு வரும். இதில் விரல் ஒரு சுற்றுச் சுற்றிப் புறப்பட்ட புள்ளிக்கே வந்து நின்றது. மறுபடி ஒரு சுற்று. எதையும் விட்டுவிடவில்லை.

வடக்கே ஒரு பெரிய ஆறு வந்து சேர்ந்தது. அது உள்ளே வருகிற ஆறு. வெளியே போகிற ஆறு ஒன்றுகூட இல்லை. அப்போதுதான் புளிக்கும் கணக்கு மார்க்குக்கும் நடுவில் அவள் காதில் விழுந்ததெல்லாம் ஒவ்வொன்றாகத் திரும்பி வந்தது. நல்ல தண்ணீர் ஆறு வந்து கொட்டிக்கொண்டே இருந்தால் மூன்றில் ஒரு பங்கு உப்புத்தானே இருக்கும். பெரிய கடலோடு சேராத தண்ணீருக்கு ஏற்றம் ஏது, வற்றம் ஏது. மெரினாவைவிட ஒன்பது மாடி பள்ளத்தில் ஒரு கடல் இருக்கிறது என்றால், நடுவில் ஒரு வழி இருந்திருந்தால் இத்தனை நாளில் மெரினாத் தண்ணீரெல்லாம் அதற்குள் இறங்கியிருக்காதா? உள்ளே வருகிற தண்ணீர் எங்கேதான் போகிறது என்று யூசுப் கேட்டார். ரேகா தொட்டியைக் காட்டினாள். போர்வெல் தண்ணீர் ஆவியாகிப் போனதில் விளிம்பைச் சுற்றி உப்பு வெள்ளையாகப் படிந்திருந்தது.

"வெயில்ல போவுது அண்ணே. நம்ம தொட்டி மாதிரியே. தண்ணி போயிடும், உப்பு தங்கிடும்."

நாகேந்திரன் தன் போனில் எதையோ பார்த்துவிட்டு, "ஒரு கால்வாய் இருக்கு. கப்பல் போக வெட்டினது. அது வழியா இன்னொரு கடலுக்குப் போகலாம்னு போட்டிருக்கு" என்றார்.

ரேகா மறுபடி மேப்பைப் பெரிதாக்கினாள். "கால்வாயா? தொறந்தா கீது?"

"இல்லம்மா. கதவு வெச்சது. படிப்படியா மேட்டுல ஏறி, அந்தப் பக்கம் எறங்கணும்."

"அலை மேடேறுமா சார்?"

"அலையோட ஆட்டமெல்லாம் அந்தக் கதவுங்ககிட்ட நடக்காது."

ரேகா போனை மடியில் வைத்துக்கொண்டு கண்ணை மூடினாள். அவள் உதடு அசைவதை யூசுப் பார்த்தார். வேண்டிக்கொள்கிறாள் என்று நினைத்தார். அவள் எண்ணிக்கொண்டிருந்தாள். முப்பது வரைக்கும் எண்ணி முடித்துக் கண்ணைத் திறந்தபோது முகமே வேறாக இருந்தது. காலையிலிருந்து நெஞ்சில் உட்கார்ந்திருந்தது எழுந்து போயிருந்தது. மூச்சு தாராளமாக வந்தது.

"லீக்கு இல்ல" என்றாள்.

யூசுப் சிரித்தார். அவளும் சிரிக்கத் தொடங்கினாள். சிரிப்பு பாதியில் நின்றுவிட்டது.

"அண்ணே... அப்போ நான் மெரினாவுல கும்பிட்டது?"

யூசுபுக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும் தொட்டியைப் பிடித்துக்கொண்டு விழுந்து விழுந்து சிரித்தார். "பதினாலு மாசமா தப்பு அட்ரஸுக்கு லெட்டர் போட்டுகினு இருந்திருக்கியேம்மா! ஒண்ணாவது போய்ச் சேந்திருக்குமா?"

"சேரலன்னா சேரல" என்றாள் ரேகா. "என் பூவு போவ வழியில்லன்னா அந்த அலைக்கும் வழியில்ல. எனக்கு அது போதும்."

எழுந்து மூக்கைச் சிந்திவிட்டு வந்து, காலையில் பார்த்த பன்னிரண்டு டேங்கையும் திரும்ப இறக்கச் சொன்னாள். அவற்றில் இன்னொன்றிலும் குமிழ் வந்தது. சிவப்பை எடுத்துக் கோடு போட்டாள்.

மேப்பைப் பார்த்துத் தெளிந்தது ஒன்று, ஆளின் குரலைக் கேட்பது இன்னொன்று. ஆறு மணிக்கெல்லாம் வீட்டுக்கு வந்து போனைச் சாமி மாடத்தில் நிறுத்தி வைத்து, அதற்கு எதிரே உட்கார்ந்துவிட்டாள். காவ்யா ஸ்கூலிலேயே செய்தியைக் கேட்டுவிட்டு வந்து அம்மாவின் தோளில் சாய்ந்திருந்தாள். ஏழரை ஆனது. ஏழு முப்பத்தைந்து. ஏழு நாற்பதுக்குப் போன் அடித்தது.

"இன்னாமே, நேத்து நெட்டு புட்டுகிச்சி" என்றார் வரதன், எப்போதும் போல. பின்னால் யாரோ தட்டைத் தட்டுகிற சத்தம் கேட்டது.

ரேகாவுக்குச் சண்டைதான் வந்தது. "மாமா, நீ கீற கடலு மூடின கடலுன்னு ஏன் எனக்கு சொல்லல?"

"சொன்னேனே! பெரிய கடல்களோட சேராதது, சுத்தி அஞ்சி நாடு, ஏரியா கடலான்னு அவங்களே ரொம்ப நாளா சண்ட போட்டுகினு இருந்தாங்கன்னு போன தீபாவளிக்கே சொன்னேன். நீதான் அதிரசம் உதிந்து போச்சின்னு அழுதுகினு இருந்தே."

அவர் சொன்னது நிஜம். அதிரசம் உதிர்ந்துதான் போயிருந்தது. சுனாமி விஷயமே வரதனுக்குத் தெரியாது. காவ்யா சொல்லித்தான் தெரிந்துகொண்டார். பிறகு மெல்ல, "ரொம்ப பயந்துட்டியாமே?" என்று கேட்டார். ரேகா ஆமாம் என்று சொன்னாள். இருபது வருஷக் குடித்தனத்தில் அவள் அவரிடம் இதை ஒப்புக்கொண்டது அதுதான் முதல் தடவை.

"இங்க அது வராது. காத்தடிச்சா அலை வரும், பனியில வடக்குப் பக்கம் ஒறஞ்சி போவும், அவ்ளோதான். ஆனா இதுக்கு வேற ஒரு கொற கீது. வருஷா வருஷம் தண்ணி எறங்கிகினே போவுது. போன வருஷம் போட் வந்து நின்ன எடத்துல இப்ப மண்ணு. பெரிய கடலா இருந்தா எங்கிருந்தாவது வந்து நெரப்பும். இதுக்கு ஆத்த வுட்டா நாதி இல்ல."

"அந்த ஆறு நல்லா வரட்டும்" என்றாள் ரேகா உடனே. ஏரிப் பாசனத்தில் வளர்ந்தவள், அதைச் சொல்ல அவளுக்கு யோசிக்க வேண்டியிருக்கவில்லை. பிறகு, பகலெல்லாம் மனதில் வைத்திருந்ததைக் கேட்டாள். "மாமா, மேப்புல பாத்தேன். நீ கீற கரையிலேர்ந்து நூம்பல் வரிக்கும் நடுவுல கடலே இல்லியே. தரையாத்தானே கீது?"

"தரைதான்."

"அப்போ நடந்தே வந்துடலாமா?"

"வரலாம். நடுவுல நாலு மலை ஏறி எறங்கணும். செருப்பு தேயும்."

"தேஞ்சா தேயட்டும்" என்று சொல்லிவிட்டுப் போனைக் காவ்யாவிடம் கொடுத்தாள். அடுப்படிக்குப் போய் உலை வைத்தாள். இருபது வருஷத்துக்கு அப்புறம் முதல் முறையாகக் கடலை நினைத்தபோது அவளுக்குப் பயமாக இல்லை. ஆணியை முந்தானையிலிருந்து அவிழ்த்துச் சிமிழுக்குப் பக்கத்திலேயே வைத்தாள்.

அடுத்த அமாவாசையும் வந்தது. காவ்யா எழுந்து பார்த்தபோது அம்மா குளித்து, வெற்றிலை சூடமெல்லாம் எடுத்து வைத்திருந்தாள். பையை மட்டும் காணோம்.

"பீச்சுக்குப் போலியா?"

"எதுக்கு? அது யாரு ஊட்டுக் கடலோ."

வாசலில் போன வாரம்தான் சிமென்ட் போட்டிருந்தார்கள். ரேகா அதைத் தாண்டி, முருங்கை மரத்தடியில் மண் தெரிகிற இடமாகப் பார்த்து உட்கார்ந்தாள். வெற்றிலையை வைத்துச் சூடம் ஏற்றினாள். எதிர் பிளாட்டிலிருந்து ஆபீஸுக்குக் கிளம்பிய வித்யா, "என்னக்கா, இன்னிக்கு பூமி பூஜையா?" என்று கேட்டுக்கொண்டே ஸ்கூட்டியை எடுத்தாள். "ஆமாமா" என்றாள் ரேகா. சாமந்தியை மண்ணில் வைத்தாள். காற்று திருப்பிக் கொண்டுவரவில்லை. உள்ளங்கையை மண்ணில் அழுத்தி வைத்துக்கொண்டாள்.

"இந்தக் கோடியில நான் கீறேன். அந்தக் கோடியில அவரு கீறாரு. நடுவுல நீதான் கீறே" என்றாள். பாத்துக்கோ என்று சொல்ல வாயெடுத்தவள், வேண்டாம் என்று நிறுத்திக்கொண்டாள். தரையிடம் அதைச் சொல்லவேண்டிய அவசியம் இருப்பதாகத் தோன்றவில்லை.

அன்றைக்குச் சாயங்காலம் வரதனிடம், "கரைக்குப் போனா மொதல்ல வெறுங்காலோட தரையத் தொடு" என்று சொன்னாள். என்ன ஏது என்று அவர் கேட்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை போட்டோ ஒன்று வந்தது. பூட்ஸும் சாக்ஸும் ஒரு பக்கம் கிடக்க, காய்ந்த பழுப்பு மண்ணில் ஒரு கால். விரல்களுக்கு மேலே வெல்டிங் பொறி பட்டு வெளுத்த இரண்டு தழும்பு. அம்பத்தூரில் பட்ட தழும்பு, அவள்தான் மருந்து போட்டாள்.

ரேகா அதை வெகுநேரம் பார்த்தாள். கண்ணில் நீர் கோத்துக்கொண்டது. வாசலுக்கு வந்து செருப்பைக் கழற்றிவிட்டு முருங்கை மரத்தடியில் நின்றாள். பிறகு போனை வாய்க்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டு குரல் பதிவு அனுப்பினாள்.

"பாத்தேன். நகத்த வெட்டு."